மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில் ஒரு மாதம் சைவம்

எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் மீன். தூத்துக்குடியில் இது பெரிய விஷயமே இல்லை. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் மொபட் சத்தம் கேட்டால் கை தானாகப் பாத்திரத்தை எடுக்கும். சாளை, ஊளி, பாறை, விளமீன், கையில் காசு இருந்தால் சீலா. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சாம்பார். அந்த இரண்டு நாளும் யாராவது "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, சாம்பார்தான்" என்போம். பொரியல் இருக்கும், அப்பளம் இருக்கும், ரசம் இருக்கும். ஆனாலும் ஒண்ணுமில்லை.

இதே வார்த்தையை ஒரு நாள் அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கைத் தோழி திருநெல்வேலிக்காரர், பிறந்ததிலிருந்து சைவம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப நாங்கல்லாம் தெனமும் ஒண்ணுமில்லாமலா சாப்பிடுதோம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். அவருடைய டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

அன்று முடிவு செய்ததுதான் இந்த ஒரு மாதம். வேண்டுதல் இல்லை, டாக்டர் சொல்லவில்லை. என்னால் முடியுமா, அந்தச் சாப்பாட்டை எனக்குச் செய்யத் தெரியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மே 1 தொடங்கி 31 வரை செய்தேன். முயற்சி செய்து பார்க்க நினைக்கும் மீன் வீட்டுக்காரர்கள், கறி வீட்டுக்காரர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன்.

மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

புரட்டாசியில் செய்தால் பாதி வேலையை ஊரே செய்துவிடும். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை கறிக்கடையில் கூட்டம் இருக்காது, சொந்தக்காரர்கள் வீட்டிலும் பெரும்பாலும் சைவம்தான், "ஏன் சாப்பிடல?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். முதல் முறை செய்பவர்களுக்கு அதுதான் சுலபம்.

நான் மே மாதத்தை எடுத்ததற்குக் காரணம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விடும் இடைவெளி. நாட்டுப்படகுகள் போகும், ஆனால் வரத்து குறைவு, விலை எகிறும். சீலா கிலோ ஆயிரத்தைத் தாண்டும்போது மனசு தானாகவே கொஞ்சம் அடங்கும். இன்னொரு பக்கம் மாங்காய், பலாக்காய், நுங்கு, முருங்கைக்காய் எல்லாம் கொட்டிக் கிடக்கிற நேரம். சைவம் சமைக்க மாங்காய்க் காலத்தைவிட நல்ல காலம் எது?

கல்யாணம், கோயில் கொடை, காதுகுத்து எந்தத் தேதியில் வருகிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன விடுகிறோம் என்பதை எழுதி வையுங்கள்

இதை மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் பத்தாவது நாள் மனசே பேரம் பேசும். முட்டை சேர்த்தியா இல்லையா? பால், தயிர்? கருவாடு போட்ட குழம்பில் கருவாட்டை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாமா? நான் தினசரி காலண்டரின் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன்: மீன், கறி, கோழி, முட்டை, கருவாடு, கூனி (பொடி இறால்) கிடையாது. பால், தயிர், நெய், பனீர் உண்டு. குழம்பில் கிடந்ததை ஒதுக்கிச் சாப்பிடுவதும் கிடையாது. அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

எழுதிய அன்று சாயங்காலமே ஒரு சந்தேகம் வந்தது, மக்ரூன். எங்கள் ஊர் மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு சேர்த்துச் செய்வது. முட்டை இல்லாமல் அந்தப் பொறுபொறுப்பு வராது. ஆக அதுவும் போயிற்று. நீங்கள் முட்டை சேர்த்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால் தப்பில்லை, வேலையும் சுலபம். ஆனால் எதுவானாலும் முதல் நாளே முடிவாகட்டும்.

பாக்கெட் பண்டங்களில் சின்னத்தைப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை கலந்ததும் இதில்தான் வரும்.

தட்டில் காலியான இடம்

இந்த மாதத்தில் எனக்குத் தெரிய வந்த முக்கியமான விஷயம் இது. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதல் ஐந்து நாள் நான் செய்தது என்ன? வழக்கமான சாப்பாட்டிலிருந்து மீனை மட்டும் எடுத்துவிட்டேன். சோறு, குழம்பு, ஒரு பொரியல். நாலு மணிக்குப் பசி வந்து கை நடுங்கும். முறுக்கு, பிஸ்கட், டீ. ராத்திரி இரண்டு தோசை கூடுதலாக இறங்கும். ஆறாவது நாள் எடை பார்த்தால் 600 கிராம் ஏறியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் போட்டது போக என் தட்டில் சோறு மட்டும் மலை போல இருந்தது. மீனை எடுத்த இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டது.

தோழியிடம் சொன்னேன். அவர் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். மூன்று அடுக்கு. ஒன்றில் சோறு, பாதிதான். இன்னொன்றில் கெட்டியாகக் கீரைக் கூட்டு, பாசிப்பருப்பு நிறையப் போட்டது. மூன்றாவதில் தட்டைப்பயறு சுண்டல், தேங்காய்த் துருவலோடு. தனியாகச் சின்னக் கிண்ணத்தில் தயிர். "நீ மீனு வைக்கிற எடத்துல நாங்க பயறு வைக்கோம். நீ அந்த எடத்த சும்மா விட்டுட்ட" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான புரதம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். என் எடை 58 கிலோ. ஏறத்தாழ 48 கிராம் வேண்டும். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைத்துவிடும். சாம்பாரில்? நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறேன். அதில் மொத்தமே 22 கிராம் புரதம், ஆளுக்கு ஐந்தரை. ஐந்தரை கிராமை நம்பி இருபதை விட்டால் நாலு மணிக்கு வயிறு கேட்கத்தானே செய்யும்?

ஆகவே மீனுக்குப் பதில் ஒன்று கட்டாயம் தட்டில் இருக்க வேண்டும். காய் அல்ல, பயறோ பருப்போ. வேகவைக்காத கொண்டைக்கடலை 50 கிராம் என்றால் 9 முதல் 10 கிராம் புரதம். பாசிப்பயறு 50 கிராம் என்றால் 12. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், ஏழெட்டு கிராம். மீல் மேக்கர் 30 கிராம் எடுத்தால் 15 கிராம். தயிர் ஒரு கிண்ணம் ஐந்து கிராம். இட்லிகூடச் சும்மா இல்லை. உளுந்தும் அரிசியும் சேரும்போது ஒன்றில் குறைவதை மற்றது நிரப்பும்.

ஆறாம் நாளிலிருந்து என் சாப்பாடு இப்படி மாறியது. காலையில் நாலு இட்லி, சாம்பார். மதியம் சோறு முன்பைவிட ஒரு கரண்டி குறைவு, கெட்டியான பருப்புக் கூட்டு, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர். நாலு மணிக்கு வேகவைத்த கடலை. ராத்திரி பாசிப்பயறு தோசை, இஞ்சிச் சட்னி. கூட்டிப் பார்த்தால் 50 கிராமைத் தாண்டும். நாலு மணி நடுக்கம் மூன்றே நாளில் போய்விட்டது. மாதம் முடியும்போது ஏறின எடையும் இறங்கி, கூட ஒரு கிலோ குறைந்திருந்தது.

வயிறு பழக ஒரு வாரம் ஆகும்

பயறு நல்லது என்றதும் நான் பயறுக்கு மாறிய முதல் நாளே இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க வயிறு உப்பி, தூக்கம் போயிற்று. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் மூன்று நாள் தோல் நீக்கிய பாசிப்பருப்பு மட்டும் போதும். பிறகு பாசிப்பயறு, தட்டைப்பயறு. கொண்டைக்கடலையும் மொச்சையும் இரண்டாவது வாரம்.

ராத்திரியே ஊறவைத்துவிடுங்கள். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். வாயுவைக் கிளப்புகிற மாச்சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். வேகும்போது ஒரு துண்டு இஞ்சி, தாளிக்கும்போது தாராளமாகப் பெருங்காயம். சாப்பாட்டுக்குப் பிறகு மோர். நார்ச்சத்து திடீரென்று கூடுவதால் தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். மே வெயிலில் எனக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரும்புச்சத்துக்கு ஒரு சின்ன விஷயம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு, மீன், கறியில் உள்ளதைப் போல உடம்பில் சுலபமாகச் சேராது. கூட எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி என்று ஏதாவது புளிப்புப் பழம் சேர்ந்தால் நன்றாகச் சேரும். டீயும் காப்பியும் அதைத் தடுக்கும். எங்கள் அலுவலகத்தில் சாப்பிட்டுக் கை கழுவும்போதே டீ வந்துவிடும். நான் அதை மூன்று மணிக்குத் தள்ளினேன். சுண்டலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். எனக்கு இருபது வருடப் பழக்கம், முதல் வாரம் தலைவலித்தது உண்மை.

அந்த ருசியை எங்கே தேடுவது

மீனை நான் தேடினேன் என்பதைவிட, மீன் குழம்பைத் தேடினேன் என்பதுதான் சரி. எட்டாம் நாள் நன்றாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது என்ன? புளிப்பு, காரம், தேங்காய் அரைத்த கெட்டி, மேலே மிதக்கும் எண்ணெய், கறிவேப்பிலை வாசம். இதில் மீன் எங்கே இருக்கிறது?

மறுநாள் மீன் குழம்புக்கு அரைப்பது போலவே அரைத்தேன். தேங்காய், சீரகம், நாலு சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள். புளியைக் கரைத்து அதில் கலக்கி, முருங்கைக்காயும் வாழைக்காயும் போட்டுக் கொதிக்கவிட்டேன். காய் முக்கால் வெந்ததும் மாங்காய்த் துண்டு. மாங்காயை முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும், கடைசியில் போட்டால் புளிப்பு இறங்காது. மாங்காயே புளிப்பு கொடுக்கும், அதனால் புளியை வழக்கத்தைவிடப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இறக்கும்போது தேங்காய் எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடிவிட வேண்டும். மண்சட்டியில் வைத்து ராத்திரி சாப்பிட்டால் இன்னும் ருசி. மீன் குழம்புக்கு எது பொருந்துமோ அது இதற்கும் பொருந்தும்.

பொரித்த மீனுக்குப் பதில் சேனைக்கிழங்கு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். அரை அங்குலக் கனத்தில், சீலாத் துண்டு அளவுக்கு வெட்டுங்கள். புளித் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவிட வேண்டும். புளிதான் அந்த அரிப்பை அடக்கும். கத்தி நுனி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. அந்தப் பதத்தில் வடித்துத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மசாலா தடவினால் உதிர்ந்துவிடும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்புத்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி அரிசி மாவு. பிசறி அரை மணி நேரம் வைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக அடுக்குங்கள். அடுப்பைக் குறைத்தே வையுங்கள். ஓரம் கருஞ்சிவப்பாகி, துண்டு கல்லிலிருந்து தானாக நகர்ந்தால்தான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் தோசைக்கரண்டியை விட்டால் மசாலா முழுக்கக் கல்லோடு நின்றுவிடும். மீன் பொரிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பொறுமை ஏற்கனவே கையில் இருக்கும்.

முதல் தட்டு வெந்து வரும்போது என் மகன் அடுப்பங்கரைக்கு வந்து "என்ன மீனும்மா?" என்று கேட்டான். கிழங்கு என்றேன். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவும் வந்தான்.

சேனையில் புரதம் அதிகம் இல்லை என்பது நினைவிருக்கட்டும். அது நாக்குக்கு. சுண்டல் கிண்ணம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் வைப்பது. தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்து செய்து காட்டினார். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்தார். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேக வேண்டும். கீறிய பச்சை மிளகாய், இஞ்சிச் சாறு, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, பிறகு இரண்டாம் பால். முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். இறக்கின பிறகுதான் எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும். அவர் கரண்டியை மெதுவாக ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு, நுரை வருகிறதா என்று குனிந்து பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். என் மாமியார் இரண்டு முறை போட்டுக்கொண்டார். நான் பதினோரு வருடமாகத் திரும்பிப் பார்க்காத டப்பாவில் எத்தனை நாள் இது இருந்திருக்குமோ!

பலாக்காய் பிஞ்சாகக் கிடைத்தால் வாங்குங்கள். கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவாமல் தொடாதீர்கள், பால் ஒட்டினால் போகாது. சோம்பு, பட்டை, கிராம்பு வறுத்து அரைத்துக் கறிக் குழம்பு போலச் செய்யலாம். காளான், மீல் மேக்கர் எல்லாம் அவசரத்துக்குக் கைகொடுக்கும். மீல் மேக்கரைக் கொதிநீரில் போட்டு எடுத்து, இரண்டு மூன்று முறை பிழிந்தால்தான் அந்தப் பச்சை வாடை போகும்.

வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும்போது

நான் மட்டும்தான் விட்டேன். வீட்டுக்காரரும் மகனும் மாமியாரும் விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். ஆக மீனும் நானே சமைக்க வேண்டும்.

முதலில் என் சாப்பாட்டைச் செய்து மூடி வைத்துவிடுவேன். மீன் அதற்குப் பிறகு. பசியோடு மீன் பொரிக்கக் கூடாது, அனுபவத்தில் சொல்கிறேன். சட்டி, கரண்டி தனி. உப்பு பார்ப்பதுதான் சிக்கல். இத்தனை வருடம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் பழக்கம். மூன்றாம் நாள் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. உடனே வாயைக் கொப்பளித்தேன். அதன் பிறகு உப்புக்கு அளவுக் கரண்டி வைத்துக்கொண்டேன், "அத்தை, உப்புப் பாருங்க" என்று மாமியாரைக் கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்திருந்தது. முதல் வாரம் "மேலுக்கு முடியலியாம்மா, ஏன் வாயக் கட்டுத?" என்று கவலையாகக் கேட்டவர், பிறகு நான் கூப்பிடுவதற்கு முன்பே கரண்டியோடு வந்துவிடுவார்.

ஒன்பதாம் நாள்தான் ரொம்பக் கஷ்டம். நெத்திலி பொரித்தேன். அந்த வாசம் சேலையில் ஏறி, ராத்திரி படுக்கும்வரை கூடவே இருந்தது. மாடிக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்து, வேர்க்கடலையை மிளகாய்த்தூள் உப்போடு வறுத்து ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். நெத்திலியில் நான் தேடியது காரமும் உப்பும் மொறுமொறுப்பும்தான் போல, கிண்ணம் காலியாகும்போது அடங்கிவிட்டது. இதை நம்பி நீங்களும் ஒரு டப்பா வறுத்த கடலை வைத்துக்கொள்ளலாம்.

வெளியே போனால்

பரோட்டாக் கடையில் கவனம். மாவு பிசையும்போது முட்டை சேர்க்கிற கடைகள் உண்டு. சால்னா, கேட்காவிட்டால், கோழியோ கறியோ வெந்த சாறுதான் வரும். "சைவ சால்னா இருக்கா? மாவுல முட்டை உண்டா?" என்று உட்காரும் முன்பே கேளுங்கள். குஸ்காவைச் சைவம் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அது பீஸ் போடாத பிரியாணிதான், வெந்தது அதே கறிச் சாற்றில். ஃப்ரைடு ரைஸ் கேட்டால் சட்டியைக் கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் பேசாமல் இட்லிக் கடைக்குப் போய்விடலாம்.

பதினேழாம் நாள் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தத்தில் கல்யாண வரவேற்பு. தேதியை நான் முன்னால் பார்க்காததன் பலன். மட்டன் பிரியாணி. கொழுந்தன் மனைவி இலையில் வைத்தே விட்டாள். "ஒரு துண்டுதான மயினி, ஒண்ணும் ஆகாது" என்றாள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பந்தியே நம்மைச் சுற்றி வந்துவிடும். உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாலும் நாலு பேர் மருந்து சொல்வார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "மே முடியட்டும்மா, உன் வீட்டுக்கே வந்து சாப்பிடுதேன்." அவள் சிரித்துக்கொண்டே இலையை மாற்றினாள். மறுக்கும்போது ஒரு தேதி கையில் இருந்தால் எதிராளிக்கும் வருத்தம் இல்லை. தயிர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டேன். கிளம்பும் முன்பே வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்ததால் தாங்கியது. விசேஷத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

தவறிப் போனால்

இருபத்திரண்டாம் நாள் ஒரு உறவினர் வீட்டில் கத்தரிக்காய் வதக்கல் வைத்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, கூனி போட்டது. கத்தரிக்காயோடு கூனி எங்கள் பக்கம் இயல்பான சேர்மானம். கேட்காதது என் தவறுதான். தட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்தொரு நாள் போயிற்றே என்று அழுகை வந்தது.

ஆனால் எங்கே போயிற்று? அந்த இருபத்தொரு நாள் சமைத்தது, கற்றது எல்லாம் அப்படியே இருந்தது. முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றைக்குச் சாப்பிட்டதை எழுதி வந்தேன். அன்றைய தாளில் "கூனி, இரண்டு வாய், தெரியாமல்" என்று எழுதினேன். மறுநாள் தாளில் "சொதி". அவ்வளவுதான். மறைக்காமல் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்

நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு மாதத்தால் சத்துக் குறைவு வந்துவிடாது. பி12 வைட்டமின் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். அது பயிர் வகைகளில் கிடைக்காது என்பது உண்மை, பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. ஈரலில் சேமிப்பு இருப்பதால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர நினைத்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு நாளடைவில் பி12 குறைய வாய்ப்பு உண்டு, அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் நான் முதல் வாரம் செய்தது போலச் சோற்றைக் கூட்டிவிட்டால் அளவு ஏறும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பயறு, பருப்பைத் தங்கள் விருப்பத்துக்குக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளும், ரத்தசோகை உள்ளவர்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முப்பத்தொன்றுக்குப் பிறகு

ஜூன் 1 காலை மொபட் வந்தது. "யக்கா, ஒரு மாசம் ஆச்சு, இன்னைக்காவது உங்களுக்கும் சேத்து வாங்குங்க" என்றார் மீன்காரர். வீட்டுக்கு மட்டும் வாங்கினேன். தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது, அதுவரை போகட்டும் என்று தோன்றியது. கஷ்டம் எதுவும் இல்லாததால்தான் அப்படித் தோன்றியிருக்க வேண்டும்.

ஜூன் 15 விசைப்படகுகள் கடலுக்குப் போயின. மறுநாள் சீலா வாங்கினேன். மாதம் முடிந்ததும் நேராகப் பிரியாணிக் கடைக்குப் போகாதீர்கள். முதல் நாள் குழம்பில் ஒரே ஒரு துண்டு, பொரித்தது வேண்டாம். கறி சாப்பிடுகிறவர்கள் இன்னும் நாலு நாள் தள்ளியே தொடங்கலாம். சுண்டலை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், வயிறு இப்போது அதற்குப் பழகியிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன். செவ்வாய் சொதியோ, முருங்கைக்காய் மாங்காய்க் குழம்போ. வெள்ளி சேனைக்கிழங்கு. யாராவது "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் பேரைச் சொல்கிறேன்.